தூணை எடுக்கத் தகுந்த ஆள்

வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் குறைந்தது மூன்று பேரையாவது வரவழைத்துப் பேசிப் பார்க்க வேண்டும். நான் ஏழு பேரை வரவழைத்தேன். அவசரப்படுவது என் சுபாவம் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள் நான். நானூறு பிள்ளைகளுக்கு வைத்த சோறு குழைந்து போனால் அதைத் திருப்பி அரிசியாக்க முடியாது. அதனால் எதையும் விசாரித்துத்தான் செய்வேன்.

நெமோதோவை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டீர்கள். போன மாதம் வந்த உங்கள் ஆளும் அதையேதான் கேட்டார். தபால் பெட்டியில் கிடந்த விளம்பரத் தாளைப் பார்த்துக் கூப்பிட்டேன் என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் இப்போது நெமோதோ உங்கள் காவலில் இருக்கிறார், அவர் சொல்வதை யாரும் நம்பவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆகவே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நேரம் ஆகும். முழங்கால் குளிரில் பிடித்துக்கொள்கிறது. நாற்காலியை மட்டும் ஹீட்டர் பக்கமாக நகர்த்திக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்கள் வந்தபோது அது வீடாக இல்லை. அப்பா கட்டிய மரவீடு, இரண்டு தளம். கீழே நடுவில் சமையலறை. அதற்கு வடக்கே எட்டுப் பாய் விரிக்கிற அளவுக்கு ஓர் அறை. இரண்டுக்கும் இடையில் ஒரு சுவர், அந்தச் சுவருக்குள் இரண்டு தூண்கள். வடக்கு அறையில் என் தம்பி ஷூஜி இருந்தான். நான் படுப்பது தெற்குப் பக்கம். அது பிற்பாடு ஒட்டிக் கட்டியது, அதற்குத் தனிக் கூரை.

ஷூஜியைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இருபத்தேழு வயதில் தோக்கியோவில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஒரு பையோடு வந்தான். அந்த அறைக்குள் போனான். அவ்வளவுதான். அப்பா இறந்தபோது வரவில்லை, அம்மா இறந்தபோதும் வரவில்லை. அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவன் அறைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். உள்ளே வானொலியின் சத்தம் குறைந்தது. பிறகு தூக்கிப் போனோம்.

அவன் கெட்டவன் இல்லை. சத்தம் போட்டதில்லை, பொருளை எறிந்ததில்லை, இந்த மாதிரி வீடுகளைப் பற்றிப் பத்திரிகையில் வருகிற எதுவும் எங்கள் வீட்டில் நடந்ததில்லை. ஒரு நாளைக்கு மூன்று தட்டு. சமையலறையிலிருந்து நடைவழி சுற்றி, குளியலறையைத் தாண்டி அவன் கதவு வரை பதினெட்டு எட்டு. தட்டை வைத்துவிட்டு ஒரு தட்டு தட்டுவேன். அரை மணி கழித்துக் காலித் தட்டு வெளியே இருக்கும். சில நாள் அதில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். ‘முள்ளங்கி ஊறுகாய் நேற்றைக்கு நன்றாக இல்லை’ என்று எழுதியிருப்பான். கையெழுத்து அழகாக இருக்கும். இருபத்தொன்பது வருஷம் இப்படிப் போனது. இடையில் எனக்கு இரண்டு பெண் பார்க்கும் சந்திப்புகள் நடந்தன. தம்பியைப் பற்றிச் சொன்ன பிறகு இரண்டு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். வருத்தப்படுவதற்கும் ஓர் ஓய்வு நாள் வேண்டுமே.

ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் மோசமானது. நடையைக் குறையுங்கள் என்றார் மருத்துவர். அப்போதுதான் சுவரை எடுத்துவிடலாமே என்று தோன்றியது. எடுத்துவிட்டால் பதினெட்டு எட்டு மூன்றாகிவிடும். சமையலறையிலிருந்தே தட்டை நகர்த்திவிடலாம். இந்த வேலையை ஆரம்பித்தபோது என் மனதில் இருந்தது இது மட்டும்தான். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுதிக்கொண்டால் போதும்.

முதலில் வந்தவர் இகராஷி என்ற பெண். கட்டடப் பொறியாளர், நாற்பது வயதிருக்கும். பனி உருகி முடிந்த மே மாதம். வந்ததும் வீட்டின் வரைபடம் இருக்கிறதா என்று கேட்டார். சுவர் அலமாரிக்கு மேலே இருந்த உட்கூரைப் பலகையை நகர்த்தி, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு மேலே ஏறி, அரை மணி நேரம் கூரைக்கு அடியில் தவழ்ந்தார். இறங்கியபோது தலைமுடியெல்லாம் ஒட்டடை. யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டார். கூரையில் எவ்வளவு பனி ஏறும், யார் தள்ளுவார்கள் என்று கேட்டார். நல்ல நிபுணர் என்றால் இப்படித்தான் இருப்பார். நாம் என்ன விரும்புகிறோம் என்பதைவிட எப்படி வாழ்கிறோம் என்பதைக் கேட்பார். நீங்களும் என்றைக்காவது வீட்டில் கை வைப்பதாக இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி இருப்பதால் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இந்தச் சுவரை மட்டும் தொட்டுடாதீங்க. மாடியோட பாரம், கூரையோட பாரம் ரெண்டும் இந்த ரெண்டு தூண்லதான் இறங்குது. எடுத்தா கோடையில ஒண்ணும் தெரியாது. பனி ஏறிச்சுன்னா முதல்ல விழறது உங்க தம்பி ரூம்தான்.”

பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். இரண்டு தூணுக்கும் நடுவில், தட்டு போகிற அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல் வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் வேலை.

எனக்கு வேண்டியது அதுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவர் குடித்த கோப்பையைக் கழுவும்போது அந்த ஜன்னலை மனதில் வைத்துப் பார்த்தேன். தட்டை நீட்டுகிறேன். உள்ளிருந்து வாங்கிக்கொள்கிறான். நாளைக்கு மூன்று முறை, நான் சாகும் வரைக்கும். ஜன்னல் மனதில் நிற்கவில்லை. அதற்கு முன்னால் அவர் சொன்னதுதான் நின்றது.

அடுத்து ஓதாகே என்ற தச்சரை அழைத்தேன். எழுபது வயது, எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளுக்குக் கூரை போட்டவர். அவர் மேலே ஏறவில்லை. சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். தூக்குக்குண்டை விட்டு ஒரு தடவை பார்த்தார். பிறகு பையை மூடிவிட்டார்.

“ஏம்மா, இதுல கை வைக்கிற ஆளு தச்சனே இல்ல. ஒரு மீட்டர் பனி தாங்கும். அதுக்கு மேல ஏறினா வீடு அப்படியே ஒக்காந்துரும்.”

ஒரு மீட்டரா என்று கேட்டேன். புதுப் பனியா, இறுகின பனியா என்றும் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். புதுப் பனி பரவாயில்லை, நாலு நாள் கிடந்து மழையும் பட்ட பனிதான் கனம் என்றார். எப்போதாவது மனசு மாறி யாராவது எடுத்துத் தொலைத்தால், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு, இரும்பு உத்திரம் கொடுத்து இரண்டே நாளில் நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லி, தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.

அதன் பிறகு வந்த நான்கு பேரும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். இந்தக் காலத்தில் நேர்மையான ஆட்கள் கிடைப்பதில்லை என்று ஜனங்கள் புலம்புவது உண்மை இல்லை. நான் தேடியபோது நேர்மையானவர்களாகவே வந்தார்கள். ஒருவர் பெட்ரோல் காசுகூட வாங்காமல் போனார். எனக்கு அலுத்துவிட்டது. கோடை முழுவதும் வருகிறவர்களுக்குத் தேநீர் வைத்து, அதே பதிலைக் கேட்டு, குனிந்து வணங்கி அனுப்புவதிலேயே போனது.

ஆகஸ்டில் நெமோதோவின் விளம்பரத் தாள் வந்தது. ‘முடியாது என்ற சொல் எங்களிடம் இல்லை’ என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. உரிம எண் போட வேண்டிய இடத்தில் ஒரு பூனைப் படம் இருந்தது. கூப்பிடுவதற்கு முன் அவரிடம் ஏற்கெனவே வேலை வாங்கியவர்கள் யார் என்று விசாரித்தேன். இதையும் எல்லாரும் செய்ய வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் ஓர் அம்மாளின் எண் கிடைத்தது. நெமோதோ பேரைச் சொன்னதுமே அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். மனுஷன் தங்கம், வேலைதான் தகரம், புதிதாகப் போட்ட தாழ்வாரம் ஒரே வருஷத்தில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது, வேண்டாம் அம்மா, வேறு ஆள் பாருங்கள் என்றார். மிகவும் உபயோகமாக இருந்தது என்று நன்றி சொல்லி வைத்தேன்.

நெமோதோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. குட்டையாக, வியர்வையோடு, சிரித்துக்கொண்டே வந்தார். வரைபடம் கேட்கவில்லை. மேலே ஏறவில்லை. யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்கவில்லை. தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி சுவரை இரண்டு தட்டு தட்டினார்.

“எடுத்துரலாம் அக்கா. இதெல்லாம் ஒரு வேலையா? கதவு போட்டுத் தந்துடறேன், ஜம்முனு இருக்கும்.”

நான் இன்னும் என்ன வேண்டும் என்று சொல்லி முடிக்கவில்லை. அப்போதே இவர்தான் என்று தெரிந்துவிட்டது. என்னை அக்கா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவனும் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. இந்த மனிதர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா என்றார்.

ஷூஜிக்கு ஒரு சீட்டு எழுதித் தட்டில் வைத்தேன். சுவரை எடுத்துக் கதவு போடப் போகிறோம், ஒரு மாதம் சத்தமாக இருக்கும், நீ மாடி அறைக்குப் போக வேண்டியதில்லை, உன் பக்கம் தார்ப்பாய் கட்டுவார்கள் என்று. ‘சரி’ என்று பதில் வந்தது.

செப்டம்பர் நடுவில் வேலை தொடங்கியது. நெமோதோ தனியாகத்தான் வந்தார், உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. வழக்கப்படி பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேநீரும் அரிசி அப்பளமும் வைத்தேன். அவருக்கு வாய் சும்மா இருக்காது. தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் இருப்பவனோடு பேசிக்கொண்டே இருந்தார். பதில் வராதது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. தன் மனைவி ஓடிப்போன கதையைச் சொன்னார். ஆற்று மீன் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்து மீனே தன் சட்டைக்குள் வந்த கதையைச் சொன்னார். அவர் பேசுவார், தம்பி கேட்க மாட்டான், ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நான் இருந்தேன்.

நான்காம் நாள், பத்து மணித் தேநீரை எடுத்துக்கொண்டு போனேன். நெமோதோ அளவு டேப்பின் ஒரு முனையைத் தார்ப்பாயின் இடுக்கில் நீட்டிக்கொண்டிருந்தார்.

“தம்பி, தனியா ஒரு கையால என்னத்த அளக்கறது. இந்த முனையக் கொஞ்சம் புடிங்க. சும்மா அழுத்திப் புடிச்சாப் போதும்.”

இடுக்கு வழியாக ஒரு கை வந்தது. வெளுத்து, நகங்கள் ஒழுங்காக வெட்டப்பட்ட கை. டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டது.

“இன்னும் கொஞ்சம் மேல,” என்றார் நெமோதோ.

கை மேலே போனது.

நான் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கதவுக்கு முன்னால் நகராட்சி ஆலோசகர் இரண்டு வருஷம் வாரா வாரம் வந்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா சாவதற்கு முந்தைய மாதம் அங்கே மண்டியிட்டு அழுதாள். நான் முதல் பத்து வருஷம் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கடிதம் எழுதி உள்ளே தள்ளினேன். இந்த மனிதர் ஒரு முழம் டேப்பை நீட்டினார், அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்கூட வரவில்லை. உட்கார வேண்டும் போல இருந்தது.

அதற்குப் பின் எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு வாரத்தில் ஷூஜி மூன்று மணித் தேநீருக்கு வெளியே வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது, அப்பாவைப் போலவே குனிந்து நடந்தான். என்னைப் பார்த்து “அக்கா” என்றான். நான் “தேநீர் சூடா இருக்கு, பாத்து” என்றேன். இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு நாங்கள் நேருக்கு நேர் பேசியது அவ்வளவுதான். அவன் நெமோதோவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நெமோதோ அவனுக்கு இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். சுருள் சுருளாக மரச்சீவல் வந்தபோது தம்பி சிரித்தான். அவனுக்குப் பல்லில் இரண்டு விழுந்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

தூண்களை எடுக்க வேண்டிய நாள் வந்தது. சுவரின் மண்ணையெல்லாம் தட்டி எடுத்த பிறகு தூண்கள் இரண்டும் வெளியே தெரிந்தன. நெமோதோ அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேலே பார்த்தார். முதல் தடவையாக அவர் பேசாமல் இருந்தார். மூன்று மணித் தேநீரின்போது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“அக்கா, வாய்க்கு வந்தபடி எடுத்துரலாம்னு சொல்லிட்டேன். இப்பப் பாத்தா மனசுக்கு சரியாப் படல. ஒரு இரும்பு உத்திரம் குறுக்க போட்டுரலாமா? கூலி வேணாம், சாமானுக்கு மட்டும் குடுங்க.”

இதை நீங்கள் கவனித்து எழுத வேண்டும், ஏனென்றால் இதைத்தான் அவர் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது உண்மை. அவர் கேட்டார். நான் பதில் சொன்னேன்.

“முன்னாடியே ஒரு இன்ஜினியர் அம்மா வந்து பாத்துட்டாங்க. மேல ஏறி அரை மணி நேரம் பாத்தாங்க. தாராளமா எடுக்கலாம்னு சொல்லிட்டாங்க.”

முதல் இரண்டு வாக்கியமும் நிஜம். அதனால்தானோ என்னவோ குரல் மாறவில்லை. நெமோதோ தயங்கினார். அப்போது ஷூஜிதான் அவருக்குத் தைரியம் சொன்னான்.

“அக்கா எதையும் நல்லா விசாரிச்சுத்தான் செய்வா. நீங்க பயப்படாதீங்க.”

மறுநாள் தூண்களை எடுத்தார்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் எடுத்தார்கள். தம்பி ஒரு பக்கம் தோள் கொடுத்தான். வீடு ஒரு தடவை முனகியது, அப்புறம் அமைதியாகிவிட்டது. இகராஷி சொன்ன மாதிரியே ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபர் கடைசியில் நெமோதோ வேலை முடித்துப் போனார். பக்கவாட்டில் நகர்த்துகிற நான்கு கதவுகள், அழகாகத்தான் இருந்தன. திறந்தால் சமையலறையும் வடக்கு அறையும் ஒன்றாகிவிடும். போகும்போது தன் பழைய இழைப்புளி ஒன்றைத் தம்பிக்கு விட்டுப்போனார். தம்பி மறுபடி உள்ளே போய் அடைந்துகொள்வான் என்று நினைத்தேன். அவன் கதவைச் சாத்தவில்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பான். நவம்பரில் தெருமுனைக் கடை வரைக்கும் போனான். முதல் நாள் பாதி வழியில் திரும்பிவிட்டான். இரண்டாம் நாள் முட்டையோடு வந்தான். பக்கத்து வீட்டுக்காரர் அவனைப் பார்த்து என் உறவுக்காரர் யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, அந்த மூன்று மாதத்தில் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கப்போகிறீர்கள். ஓதாகேயின் எண் குளிர்பெட்டிக் கதவில்தான் இருந்தது. ஒவ்வொரு தடவை முட்டை எடுக்கும்போதும் அதைப் பார்த்தேன். எண்ணைக்கூட மனப்பாடமாகச் சொல்ல முடியும். இரண்டு நாள் வேலை. ஆனால் கூப்பிட்டால் என்னவென்று சொல்வது? யார் எடுத்தது, ஏன் எடுத்தது, நான் சொல்லியும் ஏன் எடுத்தாய் என்று அவர் கேட்பார். அத்தனையையும் விளக்கத் தெம்பு இல்லை. அதுவும் போக, மே மாதத்திலிருந்து ஒரு காரியத்தை மனதில் வைத்து அதற்காக அலைந்தவளுக்கு, அது முடிந்துவிடும் என்ற நினைப்பே ஓர் ஓய்வாக இருந்தது. அதை விட மனம் வரவில்லை.

ஷூஜி முதலில் என்னிடம் பேசியிருக்கலாம். அந்தக் கையை என்னிடம் நீட்டியிருக்கலாம். அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதாதீர்கள். தோன்றியதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

வருஷா வருஷம் டிசம்பரிலேயே கூரைப் பனி தள்ளுகிற ஆளிடம் சொல்லி வைப்பது வழக்கம். இந்தத் தடவை சொல்லவில்லை. டிசம்பரில் பனி கொஞ்சம்தான். ஷூஜி அஞ்சலில் ஒரு மண்வாரியும் நீளக் காலணியும் வரவழைத்திருந்தான். அவற்றை வாசலில் சாத்தி வைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்வான். இந்த வருஷம் நான் ஏறுகிறேன் அக்கா, இத்தனை வருஷம் சும்மாச் சாப்பிட்டாயிற்று என்றான். பழக்கம் இல்லாதவன் ஏறினால் விழுந்து சாவாய் என்று தடுத்துவிட்டேன். ஜனவரியில் வருஷா வருஷம் அப்படிச் சாகிறவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கே தெரியும்.

ஜனவரி இரண்டாம் வாரம் பனி பிடித்துக்கொண்டது. மூன்று நாள் நிற்காமல் கொட்டியது. இரண்டாம் நாளே ஷூஜி ஏணியை எடுத்துவிட்டான். ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன், நாளைக்கு வருகிறார் என்றேன். மூன்றாம் நாளும் அதையே சொன்னேன். நான்காம் நாள் மழை கலந்தது. நெமோதோ போட்ட கதவுகள் நகரவில்லை.

“அக்கா, கதவு இறுகுது. மேலேருந்து அழுத்துதோ?”

“புதுக் கதவு. ஈரத்துக்கு உப்பும்.”

“நெமோதோ அண்ணனுக்கு ஒரு போன் போடவா?”

“நான் போட்டுட்டேன். சாயங்காலம் வரேன்னார்.”

அவன் நம்பினான். சந்தோஷம்கூடப் பட்டான், அவர் வருவார் என்பதால். அவர் வருவதற்குள் கதவின் அடியைக் கொஞ்சம் இழைத்து வைக்கிறேன், பார்த்தால் பாராட்டுவார் என்றான். முழங்காலுக்கு மின்சிகிச்சை எடுக்கும் நாள் அது. பதினொன்றரைப் பேருந்தில் ஊருக்குள் போனேன். மருத்துவமனையில் கூட்டம் இல்லை. முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தபோது நன்றாகத் தூங்கிவிட்டேன். செவிலி வந்து எழுப்பி, உங்கள் வீட்டிலிருந்து போன் என்றாள். வீட்டிலிருந்து யார் போன் செய்ய முடியும் என்று ஒரு கணம் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்.

ஒரு மணிக்கு வீடு விழுந்ததாம். தெற்குப் பக்கம் என் அறை அப்படியே நின்றது. மீட்டவர்கள் அவனைக் கதவுக்கு அடியில் கண்டெடுத்தார்கள். கையில் இழைப்புளி இருந்தது. வலி தெரிந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். அதைக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன்.

சாவுச் சடங்குக்கு ஏழு பேர் வந்தார்கள். அழுதவர் ஒருவர்தான். நெமோதோ வாசலிலேயே பனியில் நெற்றியை வைத்துக் கிடந்தார். என் புத்தி கெட்டுப்போச்சு அக்கா, நான் போட்டிருக்கணும், நீங்க வேணாம்னாலும் போட்டிருக்கணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை எழுப்பி உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். உரிமம் இல்லாதவர், ஏற்கெனவே புகார் உள்ளவர், அவர் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் ஆகஸ்டிலேயே யோசித்துத்தான் வைத்திருந்தேன். தேர்ந்தெடுப்பது என்றால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஆனால் அவர் அழுததை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. அவரை விட்டுவிடுங்கள். இன்று வந்ததற்கு அதுதான் காரணம்.

நான் சுத்தியலைத் தொடவில்லை. ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை. ஆனாலும் என் தம்பியைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் என்ற கட்டத்திலும் ஏதாவது எழுதியாக வேண்டும் என்கிறீர்கள். எனக்கு அறுபத்தைந்து வயதாகிறது. நான் போன பிறகு அவனுக்கு யார் சோறு போடுவார்கள், தனியாக விட்டால் அவன் என்ன ஆவான், இந்த ஒரு கவலைதான். இதைத் தவிர வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அன்று காலையிலும் அதை நினைத்துக்கொண்டேதான் எழுந்து வந்தேன். அவன் எனக்கு முன்னாலேயே எழுந்து சோறாக்கி, மிசோ சூப் கொதிக்கவைத்து, மீன் சுட்டு, நான் உட்காரும் இடத்தில் எடுத்து வைத்திருந்தான். இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுத்தான் பேருந்துக்குக் கிளம்பினேன்.